ஜேக்டனின் அடக்கத்தில் யார் பேசுவது

நைரோபி
ஜூலை 1

அக்கா,

என் எண்ணுக்குப் போன் செய்யாதே. செய்தாலும் கிடைக்காது. சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போட்டுவிட்டேன். போன் எங்கே இருக்கிறதோ அங்கேயே வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். நம்பர் பலகை இல்லாத கார், சாதாரணச் சட்டை போட்ட ஆட்கள். இந்த வாரத்தில் எங்கள் போராட்டக் கூட்டத்திலிருந்து இரண்டு பேரைக் காணவில்லை. அதனால் கிசுமு பஸ் ஓட்டும் ஒகுட்டுவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. அவர் என் நண்பன் வெரேவுக்குச் சித்தப்பா முறை. வாயைத் திறக்கமாட்டார்.

ஜேக்டன் போய்விட்ட செய்தி உங்களுக்கு வந்திருக்கும். யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது, ஆகவே நான் சொல்வதைக் கேள். நம் தம்பி ஊர்வலத்தின் முன்வரிசையில் இல்லை. கல் எறியவில்லை. பெட்ரோல் பங்க் சுவரோரம் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான். போலீஸ்காரன் ஒருவன் சாலையைக் கடந்து வந்து நின்று, குறி பார்த்துச் சுட்டான். கழுத்தில் பட்டது. நானும் வெரேவும் ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் பிடுங்கி அதில் அவனைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "அண்ணா, என் செருப்பு" என்றான். ஒரு செருப்பு வழியில் விழுந்திருந்தது. நான் திரும்பிப் போய் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

அக்கா, நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவனை மண்ணுக்குள் இறக்கும்போது, நம் ஊரே கூடியிருக்கும்போது, "இவனைப் போலீஸ் சுட்டது" என்று யாராவது சத்தமாகச் சொல்ல வேண்டும். நான் வந்து சொல்கிறேன். மாண்புமிகு அடெடெவிடம் மட்டும் மைக்கைக் கொடுக்காதே. நம் பக்கம் ஒரு சாவு விழுந்தால் பிணம் வருவதற்கு முன்னால் அவருடைய ஒலிபெருக்கி வந்து சேருகிறது. எந்த வரிச் சட்டத்தை எதிர்த்து நாங்கள் தெருவுக்கு வந்தோமோ, அதற்குப் பாராளுமன்றத்தில் கை தூக்கியவர் அவர். ஜேக்டனின் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு அவர் பேசுவதை என்னால் தாங்க முடியாது.

அம்மா சாப்பிடுகிறாளா?

ஒகோலா


கோடெரா
ஜூலை 6

ஒகோலா,

சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்ததும் வேலியோரம் போய் அழுதுவிட்டு வந்தேன். பிறகு கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது.

வெல்டிங் கற்றுக்கொள்ளத்தான் அவனை உன்னிடம் அனுப்பினோம். நீ சட்டம் படித்தவன், பேசத் தெரிந்தவன், ஓடவும் தெரிந்தவன். அவனுக்கு என்னடா தெரியும்? அண்ணன் போகிற இடத்துக்குப் போவான், அவ்வளவுதான். "தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தண்ணீரை அவன் கையில் கொடுத்தது யார்? நான் இதைக் கேட்காமல் இருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கேட்டுவிட்டேன். இனிக் கேட்கமாட்டேன்.

அம்மா சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. முற்றத்தில் பாயைப் போட்டுச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று டோபியாஸ் வந்தார், கட்சியின் இளைஞர் அணித் தலைவர். பின்னால் ஒரு லாரியில் நாற்காலிகள். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே இறக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"இதெல்லாம் யாரு கேட்டா?" என்றேன்.

"கேட்டாத்தான் செய்யணுமா ரிஸ்பா? பெட்டி, பந்தல், நைரோபிலேர்ந்து பிண வண்டி, சமையலுக்கு ரெண்டு மாடு, எல்லாம் மாண்புமிகு பாத்துக்குவார். அவர் வந்து ரெண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான்."

"அவர் பேசாம இருந்தா?"

"பேசாம எப்படி? அவர் என்ன ஊமையா?" என்று சிரித்தார். அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள், சிரிக்கிறார். பிறகு என்னை மாட்டுக் கொட்டில் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "உன் பெரிய தம்பியைத் தேடிக்கிட்டிருக்காங்க. மாண்புமிகு ஒரு போன் போட்டா விட்டுடுவாங்க. போடலைன்னா... நீயே காக்கி போட்டவ, இந்த ஊருக்கு அதிகாரி. நான் சொல்லித் தெரியணுமா?"

அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லைதான். மாவட்ட அலுவலகத்திலிருந்து என் மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டு உன்னைப் பற்றி விசாரித்துவிட்டார். முதல் முறை அதட்டினார். இரண்டாம் முறை அன்பாகப் பேசினார். அன்பாகப் பேசிய பிறகுதான் உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி ஒளித்துவைத்தேன்.

யோசித்துப் பதில் எழுது. உன் கோபத்தை வைத்துக்கொண்டு எழுதாதே.

ரிஸ்பா


நைரோபி
ஜூலை 9

அக்கா,

டோபியாஸ் இன்னுமா இளைஞர் அணித் தலைவர்? நான் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போதே அவருக்குத் தொப்பை. அவருடைய பேரனுக்குப் போன வருஷம் ஓட்டு வந்துவிட்டது. அந்தப் பேரன் கிழவனான பிறகும் தாத்தாதான் இளைஞர் அணியாக இருப்பார். வெரேவிடம் படித்துக் காட்டினேன். இத்தனை நாளில் இன்றுதான் நாங்கள் சிரித்தோம்.

யோசித்தேன் அக்கா. நீ சொன்னதற்காகவே நிதானமாக யோசித்தேன். என்னைக் காப்பாற்ற மைக்கை விற்காதே.

கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கத்தில் மருந்தில்லாமல் பிரசவத்தில் ஒருத்தி செத்தாளே, அவள் அடக்கத்தில் அடெடெ என்ன பேசினார்? ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்றார். ஆஸ்பத்திரியில் ஏன் மருந்தில்லை என்று கேட்க வேண்டியவர் அவர்தான். ஊர் கைதட்டியது, இறைச்சி தின்றது, வீட்டுக்குப் போனது. நம் ஊரில் எந்தச் சாவுக்கும் காரணம் கிடையாது. கடைசியில் பேசுகிறவன் சொல்வதுதான் காரணம். ஜேக்டனுக்கும் அவர்தான் காரணம் சொல்வார். அதன் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் சொன்னதுதான் நிற்கும்.

பந்தல் வேண்டாம். வெயிலில் நிற்போம். மாடும் வேண்டாம், வந்தவர்கள் உகாலிக் களியும் கீரையும் தின்றுவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் பைக்குகளில் இலை கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறோம். நம் வழக்கப்படி சாவை ஊரைவிட்டு விரட்டிவிட்டுப் பிறகு நான் பேசுகிறேன். என்னைப் பிடிப்பார்கள் என்றால், பேசி முடித்த பிறகு பிடிக்கட்டும். அத்தனை பேர் முன்னால் பிடித்தால் கொல்லமாட்டார்கள்.

எந்த நாள் என்று மட்டும் எழுது.

ஒகோலா


கோடெரா
ஜூலை 10

ஒகோலா,

பிரேதப் பரிசோதனை முடியவில்லையாம். அடக்கம் தள்ளிப்போயிருக்கிறது. மாதக் கடைசிச் சனிக்கிழமை. அதற்கு முன்னால் கிளம்பிவிடாதே. மற்றவை நேரில்.

ரிஸ்பா


கோடெரா
ஜூலை 14

ஒகோலா,

ஜேக்டனை நேற்று அடக்கம் செய்துவிட்டோம்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்த அன்றே டோபியாஸுக்குச் சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேள். தேவாலயத்தின் பின்னால் நம்பர் பலகை இல்லாத கார் காலையிலிருந்தே நின்றது. உள்ளே இருந்தவர்கள் இறங்கவே இல்லை. சாப்பாடு கொடுத்தனுப்பினேன், வாங்கிக்கொண்டார்கள். உன்னைப் பிடிக்க வந்தவர்களுக்கு என் கையால் சோறு போட்டேன், தெரியுமா?

அத்தனை பேர் முன்னால் கொல்லமாட்டார்கள் என்று நீ எழுதினாய். பெட்ரோல் பங்க்கில் எத்தனை பேர் இருந்தார்கள்?

அடெடெ பேசினார். நெரிசலில் சிக்கி இறந்த நம் செல்வம் என்றார். நெரிசலாம். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன், அதுதான் பேச்சு. ஆனால் அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். "இந்தப் பிள்ளையோட அண்ணன் ஒகோலா, கெட்ட சகவாசத்தால வழி தவறின பையன். நேத்து என்னோட பேசினான். ஐயா, மன்னிச்சிடுங்கன்னான். நான் அவனை மன்னிச்சுட்டேன். இனிமே அவன் என்கூட, என் இளைஞர் அணியில!" கூட்டம் கைதட்டியது. யாரோ வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தியமாக அவர் இப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. டோபியாஸ் இதைச் சொல்லவில்லை.

அப்போது அம்மா எழுந்தாள். ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தாள். நான் அவளைப் பிடித்து உட்கார வைத்து, என் தோளில் கிடந்த லேஞ்சித் துணியால் வாயைப் பொத்தினேன். "அம்மா, அவர் பேசி முடிக்கட்டும், ஒகோலாவுக்காகத்தான், கொஞ்சம் பொறு" என்றேன். பொறுத்தாள். பெற்ற பிள்ளையை இறக்கும்போதுகூட அவள் சத்தம் போடவில்லை.

நீ என்னைத் திட்டலாம். ஆனால் திட்டுவதற்கு நீ இருக்கிறாய்.

ரிஸ்பா


நைரோபி
ஜூலை 19

உதவி கிராம அதிகாரி அவர்களுக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்துக்கு முன்னால் வீடியோ வந்துவிட்டது. வெரே அதை என் முன்னால் வைத்தான். எங்கள் ஆட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அடக்கமே மாதக் கடைசியில்தான் என்று நான் சொன்னேன். உன் கடிதத்தைக் காட்டினேன். வெரே அதைப் படித்துவிட்டு மடித்துத் தந்தான்.

"உன் தம்பிக்கு நேத்து மண்ணு போட்டாச்சு. நீ இங்க எங்ககூட உக்காந்து தேதி சொல்லிக்கிட்டிருக்கே. உன்னை எவ்வளவுக்குடா வாங்கினாங்க?"

"வெரே, நீயும் நானும்தான்டா அவனைத் தூக்கிட்டு ஓடினோம்."

"அதனாலதான்டா அடிக்காம விடறேன்."

பையைத் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நின்றேன். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. எங்கள் கூட்டத்தில் காணாமல் போன இரண்டு பேரையும் யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது அவர்களுக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

என் உயிரைக் காப்பாற்றியதாக எழுதியிருக்கிறாய். ஜேக்டன் எப்படிச் செத்தான் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவனை யாரும் நம்பாதபடி செய்துவிட்டாய். அடெடெகூட இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது.

எழுதாதே.


கோடெரா
செப்டம்பர் 2

தம்பி,

எழுதாதே என்றாய். மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இதை ஒகுட்டு உன்னிடம் சேர்ப்பாரா என்றுகூடத் தெரியவில்லை. "அவன் எங்க படுக்கறான்னு எனக்கே தெரியலை, பஸ் நிலையத்துல ஒருநாள் பாத்தேன், அடி வாங்கின மூஞ்சி" என்றார். யார் அடித்தது? போலீஸா, உன் நண்பர்களா? கேட்டால் தோளைக் குலுக்குகிறார்.

அம்மா இப்போது பேசுகிறாள், எல்லாரிடமும், என்னைத் தவிர. நான் சமைத்ததைத் தொடுவதில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்துத் தனக்கு மட்டும் ஒமேனா மீன் வறுத்துக்கொள்கிறாள். அந்த வாசனை வீட்டுக்குள் வரும்போது எனக்குப் பசிக்கிறது. கேட்க வாயில்லை.

சந்தையில் எல்லாரும் என்னை மரியாதையாக விசாரிக்கிறார்கள். அடெடெவுக்கு வேண்டியவள் என்று ஆகிவிட்டேன். அவருக்கு ஒரு மனு எழுதித் தா என்று வருகிறார்கள். இந்தப் பிழைப்புக்கு என்ன பெயர் வைப்பது?

நீ செத்துவிடாதே. வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கேயாவது இரு.

ரிஸ்பா


நைரோபி
நவம்பர் 21

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். இனி ஒகுட்டுவைத் தேட வேண்டாம். உறைமேல் உள்ள அலுவலக முகவரிக்கே எழுதலாம்.

ஆமாம், அலுவலகம்தான். மாண்புமிகு அடெடெவின் இளைஞர் தொடர்பு அலுவலராகச் சேர்ந்திருக்கிறேன். டோபியாஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன்.

எப்படி என்று கேட்பாய். ஆகஸ்ட் முழுதும் பஸ் நிலையத்தில் படுத்தேன். விற்றுவிட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். போகிற இடமெல்லாம் நான் விற்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. ஒருநாள் நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். முகம் தெரிந்த பையன்கள். அன்று சாயங்காலம் அடெடெவின் ஆள் வந்து தேநீரும் சப்பாத்தியும் வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டேன். அடுத்த நாளும் வந்தான்.

உள்ளே இருந்துகொண்டு சில காரியங்கள் செய்ய முடியும் அக்கா. வெளியே நின்று கத்தியதில் யாருக்கு என்ன கிடைத்தது? கோடெராவுக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை. கோப்புகள் நகர்கின்றன. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஜேக்டன் விஷயத்தையும் தக்க நேரத்தில் எடுப்பேன். மாண்புமிகு நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒரு கம்பளியும் சர்க்கரையும் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்
ஒகோலா


கோடெரா
பிப்ரவரி 8

ஒகோலா,

கம்பளி வந்தது. அம்மா அதை மாட்டுக் கொட்டிலில் புதுக் கன்றின்மேல் போட்டிருக்கிறாள். சர்க்கரையைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

கிணறும் வந்தது. டோபியாஸின் வேலிக்கு உள்ளே தோண்டினார்கள். அவருக்கு ஓய்வு கொடுத்தாயே, அதற்கு ஈடு போல. பெண்கள் குடத்தோடு அவர் வாசலில் நிற்கிறார்கள், அவர் தூங்கி எழுந்ததும் திறந்துவிடுகிறார். நீ எழுதிக் கொடுத்தபோது இடத்தை எழுதினாயா, இல்லை அதையும் யாரோ மேலே இருக்கிறவர்கள் எழுதினார்களா?

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உன் உயிர் வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தது. ஆனால் உன் கடிதத்தைப் படிக்கும்போது பயமாக இருந்தது. என் மேலதிகாரி அன்பாகப் பேசுவாரே, அதே மாதிரி எழுதியிருந்தாய்.

ஜேக்டனைப் பற்றித் தக்க நேரத்தில் பேசுவேன் என்கிறாய். அம்மாவிடமாவது சொல்லேன். நீ கண்ணால் பார்த்தவன். ஒருநாள் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். நான் உன் முதல் கடிதத்தைப் படித்துக்காட்டப் போனபோதே எழுந்து போய்விட்டாள். அவளுக்குக் காகிதம் வேண்டாம், நீ வேண்டும்.

ரிஸ்பா


நைரோபி
ஜூன் 30

அக்கா,

வெரே இறந்துவிட்டான். உனக்கும் தகவல் வந்திருக்கும். போன வருஷம் செத்தவர்களுக்காக நடந்த நினைவு ஊர்வலத்தில். எங்கே பட்டது என்று கேட்காதே. எனக்குத் தெரியும், ஆனால் எழுத முடியாது, இது அலுவலகக் காகிதம்.

அவனை நம் ஊர்ப் பக்கமே, அவன் அம்மா டொர்க்காஸின் வீட்டு நிலத்தில் அடக்கம் செய்கிறார்கள். மாண்புமிகுவால் வர முடியவில்லை. என்னை அனுப்புகிறார். வெரேவும் நானும் நண்பர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால்தான். நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும். கூட்டம் அமைதியாக இருக்க நீ ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்ட அலுவலகத்திலிருந்து உனக்கு உத்தரவு வரும்.

நான் போகாவிட்டால் வேறு யாராவது போய் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நானாவது அவனைப் பற்றி நல்லதாகச் சொல்வேன்.

ஒகோலா


கோடெரா
ஜூலை 2

ஒகோலா,

உத்தரவு வந்தது. டொர்க்காஸிடம் போய்ச் சொன்னேன். அவள் கேட்டாள்: "உன் தம்பி எம்மவனோட சிநேகிதனா வர்றானா, அடெடெவோட வாயா வர்றானா?" அந்தக் கேள்வியை உன்னிடமே அனுப்புகிறேன்.

காரில் வராதே. பஸ்ஸில் வா. முதல் நாளே வந்து மற்றப் பையன்களோடு மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டு. அவர்கள் திட்டுவார்கள், அடிக்கவும் கூடும். வாங்கிக்கொள். பிறகு மைக் இல்லாமல், நீ பார்த்ததைச் சொல். ஜேக்டனுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல். அம்மா அங்கே இருப்பாள். இந்த முறை நான் தடுக்கமாட்டேன். உன் உயிரை வைத்து நானும் பேரம் பேசமாட்டேன்.

ரிஸ்பா


நைரோபி
ஜூலை 9

அக்கா,

என்னால் வேலை செய்ய முடியவில்லை. நீயாவது சொல். அம்மாவுக்கு என்ன ஆயிற்று?

நான் காரில்தான் வந்தேன். உனக்குத் தெரியும், நீ காக்கியில் வாசலில் நின்றாய். மூன்று வாக்கியம்கூடப் பேசியிருக்கமாட்டேன். வெரே என் நண்பன் என்றேன். அவன் அமைதியை விரும்பியவன் என்றேன். நெரிசலில் சிக்கி என்றேன். தாளில் அப்படித்தான் எழுதித் தந்திருந்தார்கள். நான் அந்த வார்த்தையைத் தாண்டிப் போய்விடலாம் என்று காரில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். வாய் தானாகப் படித்துவிட்டது.

அம்மா எழுந்தாள். பெட்டி பக்கம் போவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து நின்றுகொண்டு ஒப்பாரி வைத்தாள். வெரே பெயர் இல்லை. என் பெயர்.

"என் ஒகோலாவே, என் இடுப்புல தூங்கினவனே, ஒன்ன எந்தத் தெருவுல போட்டாங்க? ஒனக்கு யாரு குழி வெட்டினா? ஒன் பொட்டி எங்கடா?"

நான் அங்கேயே நிற்கிறேன் அக்கா, எதிரில், கையில் மைக்கோடு. "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்று மைக்கிலேயே சொன்னேன். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். எல்லாரும் என் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். டொர்க்காஸ்கூடத் தன் மகனை விட்டுவிட்டு எனக்காக அழுதாள். அழுகிற பெண்களை நிறுத்தச் சொல்லி எவனாலும் உத்தரவு போட முடியாது. என்னோடு வந்த போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் காரில் ஏறும்வரை அது ஓயவில்லை.

உயிரோடு இருக்கிறவனுக்கு யாரும் இப்படிச் செய்யக் கூடாது. நம் ஜனங்களில் யாரும் செய்ததில்லை. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். ஏற்பாடு செய்கிறேன். உடனே பதில் எழுது.

ஒகோலா


கோடெரா
ஜூலை 13

தம்பி,

அம்மாவுக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. டாக்டர் வேண்டாம்.

நீ காரிலிருந்து இறங்கும்போதே அவள் உன்னைப் பார்த்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "மெலிஞ்சுட்டான்" என்றாள். நீ நடந்து மைக்குக்குப் போகும்வரை கண்ணை எடுக்கவில்லை. உன் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைக்கூடப் பார்த்துச் சொன்னாள். நீ நெரிசல் என்று சொன்னாய். அதன் பிறகுதான் எழுந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், லேஞ்சி கையில் இருந்தது. பொத்தவில்லை. அதற்காக என்னிடம் விளக்கம் கேட்டு ஆணை வந்திருக்கிறது. வேலை போகும் என்று நினைக்கிறேன். போகட்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் போட்டாள். பிளேடு வாங்கி வரச் சொன்னாள். எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஜேக்டனின் சாவுத் துக்கத்துக்காக மழித்த தலையில் இப்போதுதான் முடி வளர்ந்து மூடியிருந்தது. நான் காலில் விழுந்தேன்.

"அம்மா, அவன் உயிரோட இருக்கான். இது கூடாதும்மா. பாவம்மா."

"இருக்கான்னா வரச்சொல்லு. வந்து, சின்னவன் எப்படிச் செத்தான்னு எங்கிட்டச் சொல்லச்சொல்லு. அவன் கண்ணால பாத்தவன். அதைக்கூட ஆத்தாகிட்டச் சொல்லாதவன் எங்கடி இருக்கான்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். உனக்காக என்ன சொல்லலாம் என்று தேடினேன். உள்ளே இருந்துகொண்டு காரியம் செய்கிறான் என்று சொல்லலாமா? தக்க நேரத்துக்காகக் காத்திருக்கிறான் என்று சொல்லலாமா? உன் கடிதங்களில் இருந்த எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். பிறகு தானே தலையை நனைத்துக்கொண்டு மழிக்க ஆரம்பித்தாள். பின்பக்கம் எட்டவில்லை. நான்தான் மழித்துவிட்டேன்.

முடிந்ததும் பிளேடைக் கழுவினாள். அதை எடுத்து வைப்பாள் என்று பார்த்தேன். கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நானும் காக்கித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவள் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.

ரிஸ்பா